வலையடியில் நிற்பவரைப் பாருங்கள்: ஆண்கள் இரட்டையர் டெனிஸ் பார்க்கப் பழகுவது எப்படி

விம்பிள்டன் காலம் வந்தால் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒற்றையர் ஆட்டத்தைப் பற்றி நிறையப் பேசுவார்கள். யாருடைய சேர்வ் எத்தனை கிலோமீற்றர் வேகம், யார் யாரை எத்தனை தடவை வென்றிருக்கிறார், எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. இரட்டையர் ஆட்டம் வந்தால் மட்டும் எழுந்து போய்விடுகிறார்கள். கேட்டால், "நாலு பேரு ஒரே நேரத்தில ஓடுறாங்க சேர், யாரைப் பார்க்கிறதுன்னே தெரியல" என்கிறார்கள். நியாயமான பேச்சு. என் பதில் இதுதான்: பந்தை அடிப்பவரை விட்டுவிடுங்கள், அவருடைய கூட்டாளியைப் பாருங்கள்.

அப்பா டிக்கோயாப் பக்கம் துரைமார் கிளப் ஒன்றில் மார்க்கராக இருந்தவர். கோர்ட்டுக்கு ரோலர் இழுப்பது, கோடு போடுவது, வலை கட்டுவது, ஆள் குறைந்தால் துரைமாரோடு இறங்கி ஆடுவது எல்லாம் அவர் வேலை. நான் பந்து பொறுக்கினேன். அங்கே நான் பார்த்தது அநேகமாக இரட்டையர் ஆட்டம்தான். வார இறுதியில் சுற்றுவட்டாரத் தோட்டத்துத் துரைமார் எல்லாரும் கிளப்புக்கு வந்துவிடுவார்கள். இருக்கிற கோர்ட்டில் எல்லாருக்கும் இடம் வேண்டும், வயது போனவருக்கும் வேண்டும். அதற்கு இரட்டையர்தான் தோது. வேலிக்கு வெளியே நின்று எங்கள் பெரியவர்கள் பார்த்த டெனிஸும் அதுதான். ஆகவே இந்த ஆட்டம் மலையகத்துக்குப் புதிதே இல்லை, டிவிதான் ஒற்றையரை மட்டும் காட்டிக் காட்டி நம்மை மறக்க வைத்துவிட்டது. "வலையடியில நிக்கிறவரு காலப் பாருடா, பந்து எங்க போகும்னு அது சொல்லும்" என்று அப்பா சொல்வார். அதை வைத்துத்தான் இன்றும் பார்க்கிறேன்.

போட்டி தொடங்குமுன்

முதலில் அட்டவணையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பெரிய போட்டிகளின் இணையத்தளத்திலும் இரட்டையர் அட்டவணை தனியாக இருக்கும். கிராண்ட் ஸ்லாம் என்னும் நான்கு பெரிய போட்டிகளில் (அவுஸ்திரேலிய, பிரெஞ்சு, அமெரிக்க பகிரங்கப் போட்டிகள், விம்பிள்டன்) ஆண்கள் இரட்டையரில் 64 ஜோடிகள். அவற்றில் 16 ஜோடிகளுக்குத் தரநிலை எண் கொடுத்திருப்பார்கள். முதல் எண் ஜோடி அட்டவணையின் உச்சியில், இரண்டாம் எண் ஜோடி அடியில். ஆகவே இருவரும் இறுதியாட்டத்துக்கு முன் சந்திக்க முடியாது. கிண்ணம் வாங்க ஆறு வெற்றி தேவை. ஏ.டி.பி. என்னும் ஆண்கள் தொழில்முறைச் சுற்றின் 250, 500 வகைப் போட்டிகளில் பெரும்பாலும் 16 ஜோடிகள்தான், நான்கு வெற்றியில் முடிந்துவிடும். புதிதாகப் பார்ப்பவருக்கு அந்தச் சின்னப் போட்டிகளே நல்லது. ஒரு வாரத்தில் முழு அட்டவணையும் கைக்குள் அடங்கும்.

தரநிலை எண் எப்படி வருகிறது என்பது எளிது. ஜோடியில் இருவரின் இரட்டையர் தரவரிசை எண்களையும் கூட்டுவார்கள். ஒருவர் 5ஆம் இடம், மற்றவர் 12ஆம் இடம் என்றால் தொகை 17. தொகை குறைந்த ஜோடிக்கு மேலான எண். ஆனால் போட்டிக்குள் நுழைவதற்கு ஒற்றையர் தரவரிசையையும் காட்டலாம். ஒற்றையரில் பெரிய பெயர் உள்ளவர்கள், இரட்டையரே அதிகம் ஆடாதவர்கள், திடீரென்று அட்டவணையில் தலைகாட்டுவது அதனால்தான்.

இதை வைத்து அட்டவணையில் இரண்டு வகை ஜோடிகளைப் பென்சிலால் குறியுங்கள். வருடம் முழுக்கச் சேர்ந்தே ஆடும் இரட்டையர் வல்லுநர்கள் ஒரு வகை. அந்த வாரத்துக்கு மட்டும் கூட்டுச் சேர்ந்த இரண்டு ஒற்றையர் வீரர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டு வகையும் மோதும் முதல் சுற்று ஆட்டம் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். அதைவிட நல்ல பாடம் கிடையாது. ஒரு பக்கம் பின்கோட்டிலிருந்து இடிபோல அடிப்பார்கள், மறுபக்கம் வலையடியில் அந்த அடியை எதிர்பார்த்து நிற்பார்கள். யாருடைய வழி எடுபடுகிறது என்று முதல் செட்டுக்குள்ளேயே தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஒற்றையரில் கடைசிச் சுற்றுகள்வரை போகிறவர்கள் களைப்பென்று இரட்டையரிலிருந்து விலகிவிடுவதுண்டு. அவர்களை நம்பி நேரம் ஒதுக்காதீர்கள்.

நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். விம்பிள்டனில் வெளிக் கோர்ட்டுகளில் காலை 11 மணிக்குத் தொடங்கினால் நமக்குப் பின்னேரம் 3.30. பள்ளிக்கூடம் விட்டு, சாப்பிட்டு, ஆறுதலாக உட்காரலாம். பிரெஞ்சு பகிரங்கப் போட்டி அதே கணக்கில் நமக்கு 2.30. அமெரிக்க பகிரங்கப் போட்டி இரவு 8.30. அவுஸ்திரேலியா என்றால் விடிகாலை 5.30, பிரட்டுக்கு ஆள் போகிற நேரம். விம்பிள்டனில் ஆண்கள் இரட்டையர் முதல் நாளே தொடங்காது, முதல் வாரத்தின் நடுவில்தான் தொடங்கும். இறுதியாட்டம் இரண்டாம் சனிக்கிழமை. முதல் சுற்றுகளைச் சின்னக் கோர்ட்டுகளில் போடுவார்கள், அநேகமாகக் கமெராவும் ஒன்றிரண்டுதான். அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பின்னாலிருந்து காட்டும் ஒரு கமெரா இருந்தால் இரட்டையருக்குப் போதும். கோணம் மாற்றி மாற்றிக் காட்டும் பெரிய கோர்ட்டைவிட அதுவே மேல் என்பது என் எண்ணம்.

கோர்ட்டும் கணக்கும்

ஒற்றையர் கோர்ட்டின் அகலம் 8.23 மீற்றர், இரட்டையருக்கு 10.97. இரு பக்கமும் 1.37 மீற்றர் அகலத்தில் ஒவ்வொரு ஓடை சேர்கிறது, அவ்வளவுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆள் இரு மடங்கு, அகலமோ மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. ஆகவே பின்கோட்டிலிருந்து வெறும் பலத்தால் ஓட்டை போடுவது கடினம். ஆளை நகர்த்தித்தான் ஓட்டை உண்டாக்க வேண்டும். சேர்வ் விழ வேண்டிய பெட்டி மட்டும் ஒற்றையருக்குள்ளதேதான், ஓடையில் சேர்வ் விழுந்தால் பிழை.

ஒரு செட்டில் யார் யாருக்குப் பின் சேர்வ் போடுவது என்ற ஒழுங்கு மாறாது. இரு ஜோடியும் மாறி மாறி, ஜோடிக்குள்ளும் மாறி மாறி, நான்கு கேமுக்கு ஒரு சுற்று. சேர்வை எதிர்கொள்பவர்களும் வலப்பக்கம் நிற்பவர் வலம், இடப்பக்கம் நிற்பவர் இடம் என்று செட் முடியும்வரை அப்படியே. அடுத்த செட்டில் வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம். தோற்ற செட்டுக்குப் பிறகு ஒரு ஜோடி இதை மாற்றினால் கவனியுங்கள், எங்கே நோகிறது என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

சேர்வ் போட்ட பந்து நிலத்தில் படுமுன் எதிர்கொள்பவரின் கூட்டாளி மேல் பட்டால் புள்ளி சேர்வ் போட்டவருக்கு. தன் கூட்டாளியின் முதுகிலேயே பட்டால் அது பிழை. ஆட்டம் நடக்கும்போது வலையை ராக்கெட்டாலோ உடம்பாலோ தொட்டால் புள்ளி போச்சு. மற்ற விதிகள் பார்க்கப் பார்க்கத் தானாக வரும்.

புள்ளிக் கணக்கில்தான் பலர் குழம்புகிறார்கள். ஏ.டி.பி. சுற்றில் 2006ஆம் ஆண்டிலிருந்து இரட்டையருக்குத் தனிக் கணக்கு. 40-40 (டியூஸ்) வந்தால் இரண்டு புள்ளி முந்தவேண்டிய அட்வான்டேஜ் முறை கிடையாது, அடுத்த ஒரே புள்ளியில் கேம் முடிவு. அந்தப் புள்ளியை எந்தப் பக்கத்திலிருந்து எதிர்கொள்வது என்று தீர்மானிப்பது சேர்வை எதிர்கொள்ளும் ஜோடி. ஆளுக்கு ஒரு செட் என்று வந்தால் மூன்றாவது செட்டே இல்லை. அதற்குப் பதிலாக 10 புள்ளி டை பிரேக்: முதலில் 10 புள்ளி எடுக்கும் ஜோடிக்கு வெற்றி, ஆனால் இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும். விம்பிள்டனில் இந்தச் சுருக்கம் இல்லை, பழைய டியூஸ், அட்வான்டேஜ் முறைதான். மூன்றாவது செட்டை முழுதாக ஆடி, 6-6 வந்தால்தான் 10 புள்ளி டை பிரேக். அங்கே 2022 வரை ஆண்கள் இரட்டையர் ஐந்து செட் ஆட்டமாக இருந்தது. 2023இலிருந்து மூன்று செட்.

அந்த ஒரே புள்ளி வரும்போது கையில் இருக்கும் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிடுங்கள். இருவரும் கூடிப் பேசி ஒரு பக்கத்தைத் தெரிவு செய்வார்கள். யாருடைய ரிட்டர்ன்மேல் அந்த ஜோடிக்கே நம்பிக்கை அதிகம் என்பது அப்போது வெளியே வந்துவிடும். எந்த விமர்சகர் சொல்வதைவிடவும் அது உண்மையான தகவல்.

கண்ணை எங்கே வைப்பது

இனித்தான் விஷயம். முதல் இரண்டு கேமுக்கு இதை மட்டும் செய்யுங்கள்: கிட்டப் பக்கத்து ஜோடி சேர்வ் போடும்போது, திரையின் மேல்பாதியைக் கையாலோ ஒரு கடதாசியாலோ மறையுங்கள். எதிராளிகள் தெரிய மாட்டார்கள், பந்து பாதி நேரம் தெரியாது. தெரிவது இருவர்தான். பின்கோட்டில் சேர்வ் போடுபவர், வலையடியில் அவருடைய கூட்டாளி. கமெரா பின்னாலிருப்பதால் கூட்டாளியின் முதுகு நம் பக்கம் இருக்கும். சேர்வுக்கு முன் அவர் ஒரு கையை முதுகுக்குப் பின்னால், காற்சட்டையோடு ஒட்டி வைப்பார். விரல்கள் மூடும், விரியும், ஒன்று நீளும். எந்தப் பக்கம் சேர்வ் போட வேண்டும், அதன் பிறகு நான் குறுக்கே பாய்வேனா நிற்பேனா என்பதுதான் அந்தக் கைப்பேச்சு. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு குறி, அதை உடைத்துப் படிக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். கை காட்டியதும் அவருடைய குதிகாலைப் பாருங்கள். பாயப் போகிறவரின் குதிகால் நிலத்தை விட்டுச் சற்று எழும். சேர்வ் போட்ட பந்து எதிர்ப்பக்கத்தில் விழும் நேரத்துக்கு அவர் சின்னதாக ஒரு துள்ளல் துள்ளி இரண்டு காலிலும் சமமாக இறங்குவார். அந்த இறக்கத்திலிருந்துதான் பாய்ச்சல் கிளம்பும்.

இப்போது பல ஜோடிகள் கைக்குறியை விட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் இடையில் கூடி, பந்தால் வாயை மறைத்துக்கொண்டு பேசுகிறார்கள். விஷயம் அதே விஷயம்தான்.

சேர்வ் விழும் இடமும் வலையடிக்காரரின் பாய்ச்சலும் ஒரே முடிவின் இரண்டு பாதிகள். சேர்வ் நடுக்கோட்டை ஒட்டி விழுந்தால் எதிர்கொள்பவருக்குக் கோணம் கிடைக்காது. பந்து பெரும்பாலும் வலையின் நடுப்பகுதி வழியாகத்தான் திரும்பி வரும். அங்கே வலையடிக்காரர் குறுக்கே வந்து ஒரே தட்டில் முடிக்கலாம். சேர்வ் வெளிப்பக்கமாக அகன்று விழுந்தாலோ எதிர்கொள்பவருக்கு ஓடை திறந்துவிடும். வலையடிக்காரர் பாய்ந்தால் அவருக்குப் பின்னால் நேராக ஒரு பந்து போய்விடும். ஆகவே அவர் பெரும்பாலும் தன் ஓடையைக் காக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு பாருங்கள்: நடுக்கோட்டுச் சேர்வ், பாய்ச்சல், புள்ளி, அகன்ற சேர்வ், காவல், நீண்ட ஆட்டம். ஒரு செட் இப்படிப் பார்த்தால் கண் பழகிவிடும். அப்புறம் சில நேரம் இந்த ஒழுங்கை வேண்டுமென்றே உடைப்பார்கள். அகன்ற சேர்வுக்கும் பாய்வார்கள். அது துணிச்சலா தப்பா என்று நீங்களே சொல்லத் தொடங்குவீர்கள்.

பாயாத பாய்ச்சலும் உண்டு. தோளை மட்டும் ஒரு பக்கம் அசைத்துவிட்டு அங்கேயே நிற்பார்கள். எதிர்கொள்பவர் கண் ஓரத்தில் அந்த அசைவு பட்டு, ஓடை காலியென்று நேராக அடிப்பார். பந்து நேரே ராக்கெட்டுக்கு வரும். இதற்கு டிவியில் மறுகாட்சி போட மாட்டார்கள், பார்வையாளருக்கு எதிர்கொள்பவரின் தவறு போலத்தான் தெரியும். முழு வேலையையும் செய்தவர் பந்தைத் தொடக்கூட இல்லாமலிருக்கலாம். எனக்கு இரட்டையரில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஐ அமைப்பு என்று ஒன்று அடிக்கடி வரும். வலையடிக்காரர் நடுவில், வலைக்குக் கீழே தலை மறையும் அளவுக்குக் குனிந்து உட்காருவார். சேர்வ் போடுபவரும் நடுக்குறிக்குப் பக்கத்தில் நிற்பார். இருவரும் ஒரே கோட்டில். சேர்வ் போனதும் குனிந்தவர் ஒரு பக்கம், போட்டவர் மறுபக்கம். எந்தப் பக்கம் என்று எதிர்கொள்பவருக்குத் தெரியாது, அவர் அடிக்கும் கணத்தில்தான் தெரியும். ஒரு ஜோடி இதை எப்போது எடுக்கிறது என்று பாருங்கள். குறுக்காக நன்றாக ரிட்டர்ன் அடிக்கும் ஒருவரை எதிர்த்துத்தான் அநேகமாக எடுப்பார்கள், அவருக்குப் பழகிய வழியை அடைப்பதற்காக.

இப்போது கடதாசியைக் கீழ்ப்பாதிக்கு மாற்றி, எதிர்கொள்ளும் ஜோடியைப் பாருங்கள். அடிப்பவரின் கூட்டாளி எங்கே நிற்கிறார்? பலமான முதல் சேர்வுக்குப் பல ஜோடிகள் இருவரையும் பின்கோட்டில் நிறுத்தும். அதே சேர்வ் பிழையாகி இரண்டாவது சேர்வ் வரும்போது கூட்டாளி இரண்டு மூன்று எட்டு முன்னுக்கு வருவார். அந்த நகர்வு ஒரு ஜோடியின் பயத்தையும் துணிவையும் அளக்கும் கோல். முன்னுக்கு வராமலே நின்றுவிட்டார்கள் என்றால், அந்தச் சேர்வ் அவர்களை ஆட்டிவிட்டது என்று அர்த்தம்.

எதிர்கொள்பவருக்கு மூன்று வழி. சேர்வ் போட்டுவிட்டு முன்னுக்கு ஓடி வருபவரின் காலடியில் பந்தைத் தாழ்வாகப் போடலாம், வலையடிக்காரரின் ஓடைப் பக்கம் நேராக அடிக்கலாம், அல்லது அவர் தலைக்கு மேலால் லொப் தூக்கலாம். முதல் வழி பந்தைத் தூக்கி அடிக்க வைக்கும். தூக்கிய பந்தைத்தான் அடுத்தவர் அறைவார். ஆகவே புள்ளியை முடிக்கும் அழகான அடியைத் தேடாதீர்கள். அதற்கு முந்தைய தாழ்வான பந்தைத் தேடுங்கள், புள்ளி அங்கேதான் தீர்ந்தது. இரண்டாம் வழி வென்றாலும் தோற்றாலும் பயனுள்ளது. ஓடைப் பக்கம் ஒரு தடவை அடி வாங்கிய வலையடிக்காரர் அடுத்த நாலு புள்ளிக்குப் பாயத் தயங்குவார். மூன்றாவதை அளவாகத்தான் பயன்படுத்துவார்கள்.

நடுப்பந்தைப் பற்றி ஒரு வார்த்தை. வலை நடுவில் 91.4 சென்ரிமீற்றர், கம்பத்தடியில் 107. அடிக்க ஏற்ற இடமும் நடுதான், குழப்பம் வருவதும் அங்கேதான். கொழுந்தெடுக்கும்போது இரண்டு நிரைக்கு இடையில் நிற்கும் செடியை இவர் எடுப்பார் என்று அவரும், அவர் எடுப்பார் என்று இவரும் விட்டுவிட்டுப் போவதுண்டல்லவா, அது போலத்தான் நடுப்பந்து. நல்ல ஜோடி இதற்கு முன்கூட்டியே பேசி வைத்திருக்கும். யாருக்கு அடிக்கும் கை வாகாக விழுகிறதோ அவர், அல்லது வலைக்கு யார் கிட்டவோ அவர். அந்த வாரம்தான் கூடிய ஜோடியா, பல வருடம் பழகிய ஜோடியா என்பதை நடுப்பந்து இரண்டு வந்தாலே சொல்லிவிடலாம்.

ஒரு கொப்பி போதும்

சும்மா பார்த்தால் மறந்துவிடும். ஒரு சீ.ஆர். கொப்பி எடுத்து நான்கு பத்தி கீறி, சேர்வ் போடும் நால்வரின் பெயரையும் எழுதுங்கள். அவரவர் சேர்வ் கேமில் நடப்பதை அவரவர் பத்தியில் குறியுங்கள். வலையடிக்காரர் பாய்ந்து வென்றால் 'வ', அவருக்குப் பின்னால் ஓடையில் பந்து போனால் 'ஓ', லொப் என்றால் 'லொ'. மற்றப் புள்ளிகளுக்கு வெறும் புள்ளி வையுங்கள். செட் முடிய யாருடைய பத்தியில் 'வ' குவிந்திருக்கிறது என்று பாருங்கள். அது சேர்வ் போட்டவரின் பத்தி, சம்பாதித்ததோ அவருடைய கூட்டாளி. ஸ்கோர் பலகையில் இது ஒருபோதும் வராது. என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் இதை ஒழுங்காக எழுதுகிறவர்களுக்கு, அடுத்த புள்ளியில் யார் பாய்வார் என்று முன்கூட்டியே சொல்ல வருகிறது.

தேடிப் பார்க்க வேண்டியவர்கள்

பழைய ஆட்டங்களின் சுருக்கம் இணையத்தில் நிறையக் கிடைக்கிறது. இந்தியாவின் லியாண்டர் பயஸ், மகேஷ் பூபதி ஜோடியிலிருந்து தொடங்குங்கள். 1999இல் நான்கு கிராண்ட் ஸ்லாம் இறுதியாட்டங்களிலும் ஆடி, பிரெஞ்சு பகிரங்கத்தையும் விம்பிள்டனையும் வென்றார்கள். பயஸ் வலையடியில் எப்படி நிற்கிறார் என்பதைப் பார்க்கவே அந்த ஆட்டங்களைப் பார்க்க வேண்டும். நான் மேலே சொன்ன துள்ளலையும் தோளசைவையும் அவரைப் பார்த்துப் படிக்கலாம்.

இடக்கையும் வலக்கையும் சேர்ந்த ஜோடி எப்படி இருக்கும் என்பதற்கு அவுஸ்திரேலியாவின் டொட் வூட்பிரிட்ஜ், மார்க் வூட்போர்ட் ஜோடி (சேர்ந்து 11 கிராண்ட் ஸ்லாம்), அமெரிக்க இரட்டைச் சகோதரர்கள் பொப், மைக் பிரையன் (சேர்ந்து 16). இரண்டு ஜோடியிலும் ஒருவர் இடக்கை. ஒருவருடைய சேர்வில் பழகிய பந்துச் சுழற்சி மற்றவருடைய சேர்வில் தலைகீழாக வருவது எதிராளிக்குப் பெரிய தொல்லை.

ரோகன் போபண்ணாவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசை. இந்தியாவின் குடகு மலையில் கோப்பித் தோட்டக்காரக் குடும்பத்துப் பிள்ளை. நம் மலையும் தேயிலைக்கு முன் கோப்பி மலையாகத்தானே இருந்தது. 2010இல் பாகிஸ்தானின் ஐசாம் குரேஷியோடு சேர்ந்து அமெரிக்க பகிரங்க இறுதியாட்டம்வரை போய், பிரையன் சகோதரர்களிடம் இரண்டு டை பிரேக்கில் தோற்றார். ஆண்கள் இரட்டையரில் முதல் கிராண்ட் ஸ்லாம் கிண்ணம் கிடைத்தது 2024 அவுஸ்திரேலிய பகிரங்கத்தில், மெத்யூ எப்டனோடு, 43 வயதில். அதே ஜனவரியில் இரட்டையர் தரவரிசையில் முதலிடத்துக்கும் வந்தார். அந்த இறுதியாட்டத்தில் இத்தாலியின் போலெல்லி, வவசோரி ஜோடியை 7-6, 7-5 என்று வென்றதை முழுதாகப் பாருங்கள். ஓட்டத்தில் இளையவர்களோடு போட்டி போடாமல், சேர்வாலும் நிற்கும் இடத்தாலும் ஒருவர் எப்படி ஆட்டத்தை நடத்தலாம் என்பது அதில் தெரியும்.

தமிழ்ப் பெயர்களும் இருக்கின்றன. ஜீவன் நெடுஞ்செழியன், விஜய் சுந்தர் பிரசாந்த் என்ற தமிழ்நாட்டு ஜோடி 2024இல் சீனாவின் ஹாங்சோ ஏ.டி.பி. போட்டியை வென்றது, இறுதியில் 10 புள்ளி டை பிரேக்கில் 10-7. இடக்கைக்காரரான ஜீவன் 2017 சென்னைப் போட்டியைப் போபண்ணாவோடு சேர்ந்து வென்றவர். நம் பிள்ளைகளுக்கு நான் இவர்களைத்தான் முதலில் காட்டுகிறேன்.

அப்புறம் 2024 விம்பிள்டன் இறுதியாட்டம்: ஹாரி ஹெலியோவாரா, ஹென்றி பட்டன் ஜோடி, பர்செல், தொம்சன் ஜோடியை வென்ற ஆட்டம். மூன்று செட்டும் டை பிரேக், கடைசி 11-9. பின்லாந்துக்காரரான ஹெலியோவாரா ஒரு காலத்தில் ஆட்டத்தை விட்டுவிட்டு ஹெல்சின்கி விமான நிலையத்தில் வேலை பார்த்தவர். பட்டன் அதே விம்பிள்டனில் ஆட்டத் தரவுகளைப் பதிவு செய்யும் வேலை செய்தவர். அந்த வருடம் ஒற்றையர் வெற்றியாளருக்கு 27 இலட்சம் பவுண். இந்த இருவருக்கும் சேர்த்து 6 இலட்சத்து 50 ஆயிரம். இந்த ஆட்டத்தில் உள்ள நுட்பத்துக்கு இந்த இடைவெளி நியாயமில்லை என்றே நான் நினைக்கிறேன்.

நீங்களே ஆடிப் பார்க்க

பார்த்ததை ஒரு தடவையாவது உடம்பால் செய்து பார்த்தால்தான் முழுதாக விளங்கும். கோர்ட் வேண்டாம். பள்ளிக்கூட மைதானத்தில் சரிவு குறைந்த மூலையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, இரண்டு கம்புக்கு இடையில் இடுப்பளவுக்குக் கயிறு கட்டுங்கள். முழு அளவு தேவையில்லை, அகலம் எட்டுத் தப்படி வைத்தாலே நால்வருக்குக் கணக்காக இருக்கும். சேர்வைக் கீழிருந்து மெதுவாகப் போடச் சொல்லுங்கள், சேர்வில் புள்ளி தீர்ந்துவிட்டால் மற்ற மூவருக்கும் வேலையில்லாமல் போகும்.

நான் வைக்கும் ஒரே விதி: வலையடியில் நிற்பவர் ஒவ்வொரு கேமிலும் இரண்டு தடவையாவது குறுக்கே பாய வேண்டும், புள்ளி போனாலும் பரவாயில்லை. முதல் நாள் எல்லாரும் நின்ற இடத்திலேயே நிற்பார்கள், தனக்குப் பின்னால் பந்து போய்விடுமோ என்ற பயம். இந்த விதி இருந்தால் பயம் விதியோடு போய்விடும். பாய்ந்தவர் விட்ட பக்கத்தை மூடக் கூட்டாளி தானாக ஓடத் தொடங்குவார். கேட்டுப் பாருங்கள், கூப்பிடும் சத்தம் வரும்: "என்னோடது!", "விடு!", "மாறு!" அந்தச் சத்தம் வந்துவிட்டால் இரட்டையர் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

பந்து விஷயத்தில் நம் மலைக்கு ஒரு தனிக் குறிப்பு. உயரத்தில் காற்று மெல்லியது, பந்து கூடுதலாகப் பறக்கும், கூடுதலாக எழும்பும். சர்வதேச விதிகளில் 1,219 மீற்றருக்கு மேல் ஆடுவதற்கென்றே தனிப் பந்து வகைகளை அனுமதித்திருக்கிறார்கள். ஹட்டன் சுமார் 1,270 மீற்றர், நுவரெலியா 1,868. சுமார் 650 மீற்றரில் உள்ள மட்ரிட்டிலேயே பந்து பறக்கிறது என்று தொழில்முறை வீரர்கள் சொல்கிறார்கள் என்றால் நம் நிலைமையைப் பாருங்கள். ஆகவே கொழும்பில் வாங்கிய புதுப் பந்தை அப்படியே திறந்து அடித்தால் லொப் எல்லாம் தேயிலைக்குள் போய் விழும். அழுத்தம் இல்லாத பயிற்சிப் பந்து கிடைத்தால் அதை வாங்குங்கள், இல்லையென்றால் அழுத்தம் இறங்கிய பழைய பந்தே பிள்ளைகளுக்கு நல்லது.

ஆட்டத்தை 10 புள்ளி டை பிரேக்காக வையுங்கள். முதல் ஆள் ஒரு சேர்வ், அப்புறம் ஆளுக்கு இரண்டிரண்டு, ஆறு புள்ளிக்கு ஒரு தடவை பக்கம் மாற வேண்டும். ஒன்று முடிந்ததும் ஜோடியை மாற்றிவிடுங்கள், ஒரு பின்னேரத்துக்குள் ஒவ்வொருவரும் மற்ற மூவரோடும் ஆடி முடித்திருக்க வேண்டும். மழை இருட்டிக்கொண்டு வந்தால் முதலில் கயிற்றைக் கழற்றுங்கள், நனைந்த கயிறு தொய்ந்துவிடும்.